மரத்தரை வீட்டில் ஸ்பீக்கர் ஸ்டாண்டை மாற்றினால் சத்தம் தெளியுமா?

கேள்வி: குன்னூரில் எஸ்டேட் காலத்துப் பழைய வீடு, பலகைத் தரை. ஆறு கிலோ எடையுள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் இரண்டையும் மெல்லிய இரும்பு ஸ்டாண்டுகளில் வைத்திருக்கிறேன். அடியில் கூர்முனை ஆணிகள் உண்டு. கச்சேரி கேட்கும்போது மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) ‘கும்’மென்று அடைக்கிறது, ஷோகேஸ் கண்ணாடி நடுங்குகிறது. 28,000 ரூபாய்க்குக் கனமான ஸ்டாண்டு பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நல்ல ஸ்டாண்டு சத்தத்தைத் திருத்தும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உங்களுக்குத் தொல்லை தருவது அது நிற்கும் தரை.

மலையில் அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் ஈரம் ஏறாமலிருக்கத் தரைக்குக் கீழே காற்றோட இடம் விட்டு, சட்டங்களின் மேல் பலகை பரப்பியிருப்பார்கள். நடந்தாலே டொம் டொம்மென்று கேட்குமே, அந்த வெற்றிடம்தான் காரணம். கூர்முனை ஆணி ஸ்டாண்டைத் தரையோடு இறுகப் பிணைக்கிறது. சிமெண்ட் தரையானால் அது அசையாது, பாதகமில்லை. பலகையோ தவில் தோல் மாதிரி. வந்த அதிர்வை வாங்கிக்கொண்டு தானும் ஒலிக்கும்.

கோத்தகிரியில் நான் குடியிருந்த வீட்டில் இதே ஆணிகளோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். ஆம்ப்ளிஃபயரைக்கூட மாற்றிப் பார்த்தேன். கடைசியில் வழி காட்டியது ஒரு டம்ளர் தண்ணீர். நீங்களும் செய்து பாருங்கள். ஸ்டாண்டிலிருந்து ஓரடி தள்ளித் தரையில் டம்ளர் நிறையத் தண்ணீர் வையுங்கள். வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் ஒரு தனி ஆவர்த்தனம் ஓடட்டும். தொப்பி விழும்போதெல்லாம் தண்ணீரில் வளையம் எழும்பினால் தரையும் சேர்ந்து வாசிக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஸ்டாண்டுக்கு அடியில் நாலாக மடித்த கம்பளியைப் போட்டு அதே இடத்தை மறுபடி கேளுங்கள். சத்தத்தின் அளவை மட்டும் மாற்றாதீர்கள்; கொஞ்சம் கூட்டி வைத்தாலே எதுவும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

வித்தியாசம் தெரிந்தால் ஆணிகளைக் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஓரடிச் சதுரக் கடப்பா கல் ஒன்று, அதன் நான்கு மூலைக்கும் அடியில் ரப்பர் துண்டு. ரப்பரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வாஷிங் மெஷினுக்குப் போடும் கெட்டி ரப்பர் இந்த எடைக்கு அமுங்கவே அமுங்காது. அமுங்காத ரப்பர் அதிர்வைத் தடுக்காது, அப்படியே கீழே கடத்திவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கி, விட்டதும் மேலே வருவதாகப் பாருங்கள். கல் எதற்கு என்றால், அந்த ரப்பரை அமுக்கப் பாரம் வேண்டும், ஸ்டாண்டும் ஆடாமல் நிற்க வேண்டும்.

சரி, கனமான ஸ்டாண்டால் என்ன கிடைக்கும்? ஐந்தாறு அங்குல வூஃபரில் (கனத்த ஒலி தரும் பெரிய கூம்பு) அசையும் பாகத்தின் எடை பெரும்பாலும் 10 முதல் 15 கிராம்தான். 12 கிராம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பெட்டி அதைப்போல் 500 மடங்கு கனம். கூம்பு 2 மில்லிமீட்டர் முன்னே போனால் பெட்டி பின்னே தள்ளப்படுவது 0.004 மில்லிமீட்டர். ஆடாத ஸ்டாண்டில் இது ஒரு பொருட்டே இல்லை. ஸ்டாண்டின் ஆட்டமும் அதன் இரும்புக் குழாயின் ஓசையும்தான் காதில் விழும் குறைகள். விரல் கணுவால் உங்கள் ஸ்டாண்டைத் தட்டுங்கள். ‘டிங்’கென்று மணியடித்தால் குழாய்க்குள் மணல் நிரப்புங்கள். 3 அங்குலச் சதுரக் குழாய், இரண்டடி உயரம் என்றால் ஏறத்தாழ 5 கிலோ பிடிக்கும். மணலை இரும்புச் சட்டியில் வறுத்து, ஆறவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி இறக்குங்கள். ஐப்பசி மழையில் நம் ஊரில் எதுவும் காயாது. ஈர மணல் உள்ளேயிருந்தே குழாயைத் துரு ஏற்றிவிடும்.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். உட்கார்ந்தபடி தரையிலிருந்து காதுவரை எவ்வளவோ, ட்வீட்டரும் (மெல்லிய உச்ச ஒலி தரும் சிறிய வட்டம்) அந்த மட்டத்தில் இருக்க வேண்டும். சோபாவுக்கு இது பெரும்பாலும் 90 சென்டிமீட்டரை ஒட்டி வரும். பின்சுவரை ஒட்டி வைத்திருந்தால் ஓரடி முன்னால் இழுங்கள். சுவர் தொப்பி போன்ற கனத்த ஒலியை 6 டெசிபல் வரை தூக்கிவிடும், மூலையானால் இன்னும் அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் ஸ்டாண்டு கை வைத்தால் ஆடுகிறதென்றால், பட்டறையில் 6 மில்லிமீட்டர் தகடு அடித்தளமாக வைத்து வெல்டிங் செய்து வாங்குங்கள், துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பூசச் சொல்லி. கழற்றிய ஆணிகளைத் தூக்கிப் போட வேண்டாம். சிமெண்ட் தரை வீட்டுக்கு மாறினால் ஸ்டாண்டை மட்டம் பார்த்து நிறுத்த உதவும்.