வண்டி கேள்வி பதில்: பூட்டிக்கிடந்த லாராவை வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, எங்கள் தெருவில் பூட்டிக்கிடக்கும் ஒரு வீட்டில் 2012 மாடல் ஸ்கோடா லாரா விஆர்எஸ் விலைக்கு வருகிறது. 1.8 டிஎஸ்ஐ பெட்ரோல், 6 கியர் மேனுவல். வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வந்தால்தான் வண்டியை எடுப்பார்கள். 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் ரெண்டு செகண்ட் கடகடவென்று சத்தம், பிறகு சுத்தமாக அடங்கிவிடுகிறது. 'நின்ற வண்டி அப்படித்தான்' என்கிறார் வாட்ச்மேன். வாங்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: தம்பி, இனி யாரும் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதலில் வாட்ச்மேனிடம் சொல்லிவிடுங்கள். அந்த ரெண்டு செகண்ட் சத்தத்தை அலட்சியப்படுத்தவே கூடாது.

160 குதிரைத்திறன் உள்ள அருமையான இன்ஜின் இது. கோளாறு அதன் டைமிங் செயின் டென்ஷனரில், அதாவது வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகத்தில். இன்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷர் டென்ஷனரைத் தள்ளிச் செயினை இறுக்கமாக வைத்திருக்கும். அணைத்த பிறகு டென்ஷனர் பின்வாங்காமல் ஒரு பல்பூட்டு பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் வந்த டென்ஷனர்களில் இந்தப் பூட்டு விட்டுக்கொடுத்துவிடும். செயின் தொய்ந்து கிடக்கும்; மறுபடி ஆயில் ஏறி இறுக்கும்வரை அது அடித்துக்கொள்வதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் செயின் பல் தாண்டிவிட்டால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். அமெரிக்காவில் இதற்காக உரிமையாளர்கள் வழக்கே போட்டார்கள். 2018-ல் சமரசம் ஆனது.

குறைவாக ஓடிய வண்டி என்று மயங்காதீர்கள். நம் ஊர்ப் பக்கம் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிகளைப் பற்றி எனக்கு இதுதான் பெரிய கவலை. நாள்பட நின்றால் டென்ஷனரிலிருந்து ஆயில் முழுக்க இறங்கிவிடும். அப்புறம் பூட்டு ஒன்றுதான் காவல். தினம் ஓடி 90,000 கடந்த வண்டியைவிட இதற்கு ஆபத்து அதிகம் என்றே சொல்வேன்.

இந்த இன்ஜினில் கைபழகிய மெக்கானிக்கை வீட்டுக்கே கூட்டிப்போங்கள். டைமிங் கவரின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்துவிட்டு டார்ச்சும் கைக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தால், உள்ளே இருப்பது பழைய டென்ஷனரா, மாற்றியமைக்கப்பட்ட புதியதா என்று தெரியும். டென்ஷனர் தண்டில் உள்ள பல்கோடுகள் நிறைய வெளியே வந்திருந்தால் செயினும் நீண்டிருக்கிறது. பழையது என்றால் டென்ஷனர், செயின், செயினை வழிநடத்தும் கைடு எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதற்கான செலவை எழுத்தில் வாங்கி, விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் டோ வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள், வேறு லாரா கிடைக்கும்.

கேள்வி: என்னிடமும் அதே வண்டிதான். வீட்டு முகப்புச் சாய்வில் ஏற்றி, முதல் கியரில் போட்டு நிறுத்துகிறேன். ஹேண்ட்பிரேக் போடுவதில்லை. சரிதானா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: வேண்டாம் ஆச்சி. வண்டி பின்னால் சாயும்போது கியர் வழியாக இன்ஜின் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பு நேரே டென்ஷனர் மேல்தான் விழும். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, சக்கரத்துக்கு ஒரு கட்டையும் கொடுங்கள். கியர் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: 1.8 டிஎஸ்ஐ ஆயில் குடிக்கும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: உண்மைதான். பிஸ்டனில் ஆயிலை வழித்துவிடும் ரிங்குகளிலும், ஆயில் வடியும் நுண்துளைகளிலும் கரி அடைத்துக்கொள்ளும். வழித்துவிட முடியாத ஆயில் எரிந்துபோகும். 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறைவதைக் கம்பெனியே ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கணக்கில் சென்னை போய் வந்தாலே 400 மில்லி போய்விடும். டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே இருப்பதோ சுமார் ஒரு லிட்டர்தான். 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேலும் குறைந்தால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு. அதுவரை வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள், டிக்கியில் ஃபோக்ஸ்வாகன் 502.00 தரம் குறித்த ஒரு லிட்டர் ஆயில் கேன் எப்போதும் இருக்கட்டும். ஆயில் குறைந்தால் டென்ஷனருக்கும் பிரஷர் கிடைக்காது.