42 ஏக்கர் வாங்கியாச்சு, புல்டோசர் முதல்லயா துப்பாக்கி முதல்லயா?

கேள்வி: அண்ணா, நாங்க டெக்சஸ்ல ரவுண்ட் ராக்ல இருக்கோம். போன நவம்பர்ல பிளாங்கோ கவுண்டில 42 ஏக்கர் வாங்கினோம். முன்னாடி இருந்தவர் ஆடு விட்டிருந்தார், அதனால அவருக்கு வரி கம்மியா இருந்துச்சாம். நிலம் பூரா சீடார் மரம். வீட்டுக்காரர் புல்டோசர் விட்டு மொத்தமா வழிச்சிடலாம்ங்கறார். பையனுக்கு 11 வயசு, க்ளாஸ் பசங்க எல்லாம் மான் வேட்டைக்கு போறாங்கன்னு இவனும் நச்சரிக்கறான், எனக்குதான் மனசு ஒப்பல. வீட்டுக்காரர் எச்-ஒன்-பி வேலை விசா, நான் அவரோட துணையா எச்-ஃபோர், பையன் இங்கயே பொறந்தவன். நாங்களும் ஆடு வளர்க்கணுமா? விருதுநகர்லேர்ந்து வந்திருக்கற மாமனார் வேற தென்னையும் முருங்கையும் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறார். எதுலேர்ந்து ஆரம்பிக்கறது?

பதில்: தங்கச்சி, புல்டோசர்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா முதல்ல அதை திருப்பி வாங்கச் சொல்லுங்க. நானும் இருபது வருஷத்துக்கு மேல இந்த ஹில் கன்ட்ரிங்கற மலைப்பகுதில அடுத்தவங்க நிலத்துல சீடார் வெட்டி புல் விதைச்சுதான் பொழப்ப ஓட்டறேன், சொந்த நிலம்னு வாங்கின முதல் மாசத்துலயே மெஷினை இறக்கினவங்கதான் ரெண்டு வருஷம் கழிச்சு என்னைத் தேடி வர்றாங்க.

முதல் வேலை மரமும் இல்ல மானும் இல்ல, பேப்பர். டெக்சஸ்ல ஏஜி எக்ஸெம்ப்ஷன்னு எல்லாரும் சொல்றோமே, அது உண்மைல வரி விலக்கு கிடையாது, நிலத்தோட மார்க்கெட் விலையை விட்டுட்டு விவசாயத்துல அது என்ன ஈட்டுமோ அந்த மதிப்புக்கு வரி போடறாங்க, அவ்வளவுதான். பழைய ஓனருக்கு இருந்துச்சே நமக்கும் தானா வந்துடும்னு உக்காந்துடாதீங்க, நிலம் கை மாறினா புது ஓனர் புதுசா அப்ளை பண்ணணும், 50-129ன்னு ஒரு ஃபார்ம், நிலத்துக்கு மதிப்பு போடற கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல ஏப்ரல் 30க்குள்ள குடுத்துடணும். தவற விட்டாலும் கொஞ்ச நாளைக்கு லேட்டா வாங்குவாங்க, ஆனா அபராதம் உண்டு.

ஆடு வளர்க்கணுமான்னு கேட்டீங்க. வேணாம். 1995ல டெக்சஸ்ல ஓட்டெடுப்பு வச்சு, காட்டு ஜீவனுக்காக நிலத்தைப் பராமரிச்சாலும் அதே வரி மதிப்புதான்னு கொண்டு வந்துட்டாங்க, வைல்ட்லைஃப் வேல்யுவேஷன்னு சொல்லுவோம். ஏற்கனவே ஏஜில இருந்த நிலமா இருக்கணும், உங்களுது இருக்கு. வாழிடத்தை சீர்படுத்தறது, மண் அரிப்பைத் தடுக்கறது, எதிரி விலங்கைக் கட்டுப்படுத்தறது, தண்ணி வைக்கறது, தீனி குடுக்கறது, கூடு அமைக்கறது, கணக்கெடுக்கறதுன்னு ஏழு வேலை சொல்லியிருக்காங்க, அதுல வருஷத்துக்கு மூணாவது செய்யணும், ஒரு பிளான் எழுதித் தரணும். டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப்ங்கற அரசாங்க வனவிலங்குத் துறையோட பயாலஜிஸ்ட் காசு வாங்காம நிலத்துக்கே வந்து பாத்துட்டு யோசனை சொல்லுவார், கூப்பிடுங்க, நம்மாளுங்க கவர்மென்ட் ஆளுன்னாலே தயங்கறோம். ஒண்ணு மட்டும் கவனிச்சுக்குங்க, ஒரு பெரிய பண்ணையைத் துண்டு போட்டு வித்ததுல உங்க 42 ஏக்கர் வந்திருந்தா குறைஞ்சபட்ச ஏக்கர் கணக்கு ஒண்ணு குறுக்க வரும், அதை ஆபீஸ்லயே கேட்டுடுங்க. நடுவுல மனசு மாறி நிலத்தை வேற உபயோகத்துக்கு மாத்தினீங்கன்னா மூணு வருஷ வரி வித்தியாசத்தை மொத்தமா கேப்பாங்க, 2019க்கு முன்னாடி அஞ்சு வருஷமும் வட்டியுமா இருந்துச்சு.

இப்ப சீடாருக்கு வருவோம். இங்க சீடார்னு சொல்றது ஆஷ் ஜூனிப்பர், அது ஒண்ணும் வெளிநாட்டுலேர்ந்து வந்த வில்லன் இல்ல, இந்த மண்ணோட மரம்தான். முன்னெல்லாம் அப்பப்ப தீ வந்து சின்னக் கன்னை எல்லாம் பொசுக்கிடும், தீயை நிறுத்தினோம், ஆடு மாட்டை அளவுக்கு மீறி மேய விட்டோம், புல்லு போச்சு, அந்த இடத்துல இது ஏறிடுச்சு. நம்ம ஊர் சீமைக்கருவேல மாதிரி வெட்ட வெட்ட தழையும்னு பயந்துதான் உங்க வீட்டுக்காரர் வேரோட பேக்கணும்ங்கறார்னு நினைக்கறேன். ஆஷ் ஜூனிப்பர் அப்படி இல்ல. கடைசி பச்சைக் கிளைக்கு கீழ, தரையை ஒட்டி அறுத்தாப் போதும், அதோட செத்துடும், வேரைத் தொடவே வேணாம். சீமைக்கருவேலத்தோட ஒண்ணு விட்ட தங்கச்சியும் இங்க இருக்கு, மெஸ்கீட், அதுதான் அடிலேர்ந்து வெடிச்சு வரும், அதுக்கு வெட்டின சூட்டோட அடிக்கட்டைல மருந்து வைக்கணும். வேரோட விஷயம் இப்படி இருக்கறப்ப சீடாருக்கு எதுக்கு புல்டோசர்? உங்க சரிவுல மேல் மண்ணே சில இஞ்ச்தான் இருக்கும், கீழ சுண்ணாம்புப் பாறை. டோசர் பிளேடு போற இடத்துல அந்த நாலு இஞ்ச் மண்ணும் மரத்தோட கிளம்பிடும், அடுத்து ஒரு பெரும் மழை வந்தா மிச்சமும் ஓடைக்கு போயிடும், அப்புறம் விதைக்கறதுக்கு கல்லுதான் இருக்கும். மரத்தைக் கத்திரி மாதிரி அறுக்கற ஷியர் மாட்டின ஸ்கிட் ஸ்டீர்னு ஒரு சின்ன லோடர் வண்டி வாடகைக்கு கிடைக்கும், சின்ன மரத்துக்கு செயின்சாவே போதும்.

எல்லாத்தையும் வெட்டவும் கூடாது. செங்குத்தான சரிவுல, ஓடைப் பள்ளத்துல, பட்டை நார் நாரா உரியற பழைய சீடார் நிக்கும் பாருங்க, அதைத் தொடாதீங்க. கோல்டன்-சீக்ட் வார்ப்ளர்னு ஒரு குருவி, உலகத்துலயே டெக்சஸ்ல மட்டும்தான் கூடு கட்டும், அந்தப் பட்டை நாரை உரிச்சுதான் கட்டும், 1990லேர்ந்து அது சட்டப் பாதுகாப்புல இருக்கு. மார்ச்ல வந்துடும், அதனால வெட்டற வேலையை செப்டம்பருக்கு மேல பிப்ரவரிக்குள்ள வச்சுக்கங்க. சமதளத்துல, லேசான சரிவுல நெருக்கமா முளைச்ச இளசை மட்டும் எடுங்க, வருஷத்துக்கு மூணு நாலு ஏக்கர் போதும். வெட்டின கிளையைக் கொளுத்தாதீங்க, சரிவுக்கு குறுக்கால சமமட்டத்துல வரிசையா போடுங்க, நம்ம ஊர் கரிசக்காட்டு வரப்பு மாதிரி, தண்ணி நிக்கும், மண்ணு தங்கும், அதுக்கடியில லிட்டில் புளூஸ்டெம், சைட்ஓட்ஸ் கிராமான்னு உள்ளூர் புல் விதையைத் தூவினா கிளைக்குள்ள ஆடும் மானும் வாய் வைக்காம வளரும்.

ஓக் மரத்துல கை வைக்கறதா இருந்தா பிப்ரவரிலேர்ந்து ஜூன் வரைக்கும் வேணவே வேணாம். ஓக் வில்ட்னு ஒரு பூஞ்சை, வெட்டுக்காயத்துல வழியற சாறைத் தேடி வர்ற சின்ன வண்டு கொண்டு வந்து வச்சுடும், அப்புறம் வேர் வழியா பக்கத்து மரம், அதுக்கு பக்கத்து மரம்னு போகும். எந்த மாசம் வெட்டினாலும் உடனே காயத்துல பெயிண்ட் அடிங்க. நான் ஆரம்பத்துல ஒரு ஏப்ரல் மாசம் ஏதோ ஒரு கிளை ரோட்டுல இடிக்குதேன்னு அறுத்துட்டு பெயிண்ட்டை மறந்துட்டேன், அந்த வீட்டு முன்னாடி நின்ன லைவ் ஓக் கூட்டம் ஒண்ணொண்ணா பட்டுப் போனதை இன்னைக்கும் அந்தப் பக்கம் போனா பாக்கறேன்.

சீடாரை எடுத்தா ஊத்து வருமான்னு அடுத்து கேப்பீங்க. உங்க கவுண்டிலயே, ஜான்சன் சிட்டி பக்கத்துல, டேவிட் பாம்பெர்கர்னு சர்ச்சஸ் சிக்கன் கம்பெனில பெரிய ஆளா இருந்தவர் 1969லேர்ந்து வறண்டு கிடந்த நிலமா பாத்து வாங்கினார், இன்னைக்கு அந்தப் பண்ணை 5,500 ஏக்கர். சீடாரைக் கழிச்சு புல்லை விட்டார், காஞ்ச மலைல ஊத்து திரும்ப ஓடுச்சு. ஆனா அங்க பாறை அடுக்கு அதுக்கு தோதா இருந்துச்சு, புல்லும் வந்துச்சு. எல்லா மலைலயும் அது நடக்காது, நான் வேலை பாத்ததுல பாதி இடத்துல ஒரு சொட்டு வரல, ஆனா புல் வந்துச்சு, மண் நின்னுச்சு. ஊத்தை நம்பி பட்ஜெட் போடாதீங்க.

சரி, மான். உங்களுக்கு மனசு ஒப்பலன்னீங்க, நான் வற்புறுத்த மாட்டேன், வரிக்கும் வேட்டை கட்டாயம் இல்ல. ஆனா ஒரு தடவை நிலத்தைச் சுத்தி நடந்து மரத்தோட கீழ்ப்பக்கத்தைப் பாருங்க, ஒரு ஆள் மார் உயரம் வரைக்கும் இலையே இருக்காது, கோடு போட்ட மாதிரி இருக்கும். அது மான் மேஞ்ச கோடு. ஓநாய் எப்பவோ போயாச்சு. பொறந்த குட்டியோட தொப்புள்ல புழு வச்சு கொன்னுட்டு இருந்த ஸ்க்ரூவொர்ம் ஈயையும் 1960கள்ல ஒழிக்க ஆரம்பிச்சாங்க, மாட்டுக்காக செஞ்சாங்க, மான் பெருகிடுச்சு. இப்ப கீழ விழுந்த ஓக் கொட்டை முளைச்சா ரெண்டு இலை விடறதுக்குள்ள காலி, இன்னும் ஐம்பது வருஷத்துல கிழட்டு ஓக் சாஞ்சா அந்த இடத்துக்கு குட்டி ஓக் இருக்காது. நீங்க எவ்வளவு சீடார் வெட்டினாலும் மான் கூட்டம் குறையலன்னா முளைக்கறதை எல்லாம் அது தின்னுடும், சீடார் மட்டும் அதுக்கு கசக்கும், அதனால திரும்ப சீடாரே வரும். அதனாலதான் இங்க கொம்பு மானை விட பொட்டை மானை எடுக்கச் சொல்றோம்.

இதுல நமக்குன்னு ஒரு சங்கடம் இருக்கு. உங்க நிலத்துல புள்ளிமான் வந்து நிக்கும், சாட்சாத் கிண்டில நிக்கற அதே மான்தான், ஆக்சிஸ்னு சொல்லுவாங்க, 1930கள்ல இந்தியால இருந்து வந்த வம்சம் டெக்சஸ்ல கொண்டு வந்து விட்டது. நம்ம ஊர்ல அதைச் சுட்டா ஜெயில், இங்க அதுக்கு சீசனும் இல்ல எண்ணிக்கை வரம்பும் இல்ல, லைசென்சும் நிலத்துக்காரர் சம்மதமும் போதும். அது புல்லையும் தின்னும் தழையையும் தின்னும், வொய்ட்டெயில்ங்கற உள்ளூர் மானுக்கு தழைதான் உசிரு, பஞ்சத்துல ஜெயிக்கறது புள்ளிமான்தான். பாக்க அழகா இருக்கேன்னு அதுக்கு தீனி வச்சு வைல்ட்லைஃப் கணக்குல காமிக்காதீங்க, உள்ளூர் ஜீவனுக்குதான் கணக்கு.

துப்பாக்கி விஷயத்துல உங்க வீட்டுக்காரர் இந்த ஒரு பாராவை ரெண்டு தடவை படிக்கணும். எச்-ஒன்-பி, எச்-ஃபோர் மாதிரி விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதே ஃபெடரல் குத்தம், ஃப்ரெண்டோட துப்பாக்கியை சுட்டுப் பழகற இடத்துல சும்மா வாங்கிப் பாக்கறதும் அதுல வந்துடும். விலக்கு ஒண்ணு இருக்கு, செல்லுபடியாகற ஹன்ட்டிங் லைசென்ஸ் கையில இருக்கணும். டெக்சஸ்ல தொடர்ந்து ஆறு மாசத்துக்கு மேல இருந்தவருக்கு அது 25 டாலர்தான், பையனுக்கு 7. ஆனா லைசென்ஸ் எந்த மாசம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 ராத்திரியோட முடியுது, செப்டம்பர் 1 காலைல புதுப்பிக்காம வீட்டுல துப்பாக்கி இருந்தா கிரீன் கார்டே கேள்விக்குறி ஆயிடும். வாங்கறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, அந்த ஃபீஸ் தண்டம் இல்ல. சொந்த நிலமா இருந்தாலும் மான் சுட லைசென்ஸ் வேணும், காட்டுப்பன்னிக்கு மட்டும் 2019லேர்ந்து வேணாம், ஆனா உங்க விசாவுக்கு அந்த லைசென்ஸ்தான் கவசம், அதனால பன்னிக்குன்னாலும் எடுங்க.

பையனுக்கு 9 வயசு தாண்டினதால ஹன்ட்டர் எஜுகேஷன் சர்டிஃபிகேட் வாங்கலாம், அவன் வயசுக்கு ஆன்லைன் மட்டும் பத்தாது, நேர்ல ஒரு நாள் போகணும், நீங்களும் கூட உக்காருங்க, வீட்டுக்காரரும் 1971 செப்டம்பர் 2க்கு அப்புறம் பொறந்தவரா இருப்பார், அவருக்கும் அது வேணும். ஆனா முதல் வருஷம் நான் அவன் கையில துப்பாக்கி குடுக்க மாட்டேன், மரத்துல கட்டி வச்சா விலங்கு வர்றப்ப தானா படம் எடுக்கற ட்ரெய்ல் கேமரா நாலு வாங்கிக் குடுப்பேன். எந்த மான் எங்க வருது, பொட்டை எத்தனை, குட்டி எத்தனைன்னு நோட்டுல எழுதட்டும். அது அப்படியே உங்க வரி பிளான்ல கணக்கெடுப்பு வேலையா போயிடும், நான் விளையாட்டுக்கு சொல்லல. ஒரு வருஷம் எண்ணினவன் அடுத்த வருஷம் எதைச் சுடணும்னு உங்களுக்கே சொல்லுவான், இல்ல எனக்கு வேணாம்மான்னும் சொல்லலாம், ரெண்டுமே நல்லதுதான். அக்டோபர் கடைசில 16 வயசு வரைக்கும் இருக்கற பசங்களுக்குன்னே ஒரு வீக்கெண்ட் உண்டு, பொது சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை. வில் அம்பு சீசன் புரட்டாசில வந்துடும், உங்க வீட்டுல அது ஆகாது, விடுங்க. தீபாவளியும் ஓப்பனிங் வீக்கெண்டும் சில வருஷம் மோதிக்கும், அதை நீங்களே பஞ்சாயத்து பண்ணிக்கங்க.

42 ஏக்கர்னா பெருசுன்னு தோணும், ரைஃபிள் தோட்டாவுக்கு அது ஒண்ணுமே இல்ல. பக்கத்து நிலத்துக்காரர் எழுதிக் குடுக்காம தோட்டா எல்லை தாண்டினாலே குத்தம். அதனால உயரமா ஸ்டாண்ட் போட்டு கீழ்நோக்கி, பின்னாடி மண் மேடு இருக்கற திசைல மட்டும் சுடணும், சுண்ணாம்புக் கல்லுல பட்டா தோட்டா எங்க திரும்பும்னு யாரும் சொல்ல முடியாது. அடிபட்ட மான் வேலி தாண்டி விழுந்தா பக்கத்துக்காரரைக் கேக்காம இறங்காதீங்க. வீட்டுல துப்பாக்கிக்கு பூட்டுப் பெட்டி, தோட்டாவுக்கு தனிப் பூட்டு. கறியை எடுத்தா வெயில் ஏறறதுக்குள்ள குடலை எடுத்து ஐஸ்ல வைக்கணும், மிச்சத்துக்கு உங்க மாமியாரைக் கேளுங்க, மான் கறில போட்ட உப்புக்கண்டத்தை நான் சாப்பிட்டிருக்கேன், ஆட்டுக்கறி தோத்துடும். பன்னின்னா கையுறை இல்லாம அறுக்காதீங்க, நல்லா வேக வைங்க, நோய் இருக்கும்.

கேபின் போடற யோசனை இருந்தா ஓடைக்கரை அழகா இருக்குன்னு அங்க போடாதீங்க. 2025 ஜூலை 4ல நமக்கு மேற்கால இருக்கற கெர் கவுண்டில குவாடலூப் ஆறு விடியக்காலைல ஏறினது உங்களுக்கு தெரியும், நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. ஓடைலேர்ந்து பழைய வெள்ளத்துக் குப்பை எந்தக் கிளைல மாட்டியிருக்குன்னு பாருங்க, அதுக்கு ரொம்ப மேல போடுங்க. மலைல கல்லைப் புரட்டற வேலையைப் பசங்ககிட்ட விடாதீங்க, ராட்டில்ஸ்னேக் இருக்கும், பூட்ஸ் இல்லாம புல்லுக்குள்ள இறக்காதீங்க.

மாமனாருக்கு: தென்னையை மறந்துடச் சொல்லுங்க, ஒரு பனிக்கு தாங்காது. முருங்கை வரும். சுண்ணாம்பு மண்ணு அதுக்கு ஒத்துக்கும், தண்ணி தேங்காம இருந்தா சரி. உறைபனிக்கு தரைக்கு மேல எல்லாம் கருகிடும், அதனால டிசம்பர் வந்ததும் முட்டியளவுக்கு வெட்டிட்டு அடியில வைக்கோலைக் குவிச்சு மூடி வைங்க, ஏப்ரல்ல வேர்லேர்ந்து கிளம்பும், காய் எல்லா வருஷமும் கிடைக்காது, கீரை கிடைக்கும். சுத்தி அஞ்சடி உயரத்துக்கு கம்பி வலை போடறதை மட்டும் நடற அன்னைக்கே முடிச்சுடச் சொல்லுங்க, மறுநாள்னு விட்டா ராத்திரியே புள்ளிமான் வந்து கீரை பறிச்சுட்டு போயிடும்.