நாவும் ஏடும்: வாசகர் கேள்வி பதில்

எங்கள் பக்கத்துக் கூத்தில் ஒரே பாட்டு, கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு அண்ணாவியார் மாறுகிறது. குர்ஆன் 1400 வருடமாக வாய்வழியாக வந்தும் மாறவில்லை என்கிறீர்களே, எப்படி?
– வாசகர், மட்டக்களப்பு நகர்

நல்ல ஒப்பீடு. அண்ணாவியாரிடமும் கொப்பி இருக்கிறது. ஆனால் கூத்துக் களரிக்குத் தக்கபடி கூட்டவும் குறைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அதுதான் அவர் கலை. குர்ஆன் ஓதுபவருக்கு ஓர் எழுத்தளவுகூட அந்த உரிமை இல்லை. ரமழான் இரவுத் தொழுகையான தராவீஹில் இமாம் ஒரு சொல்லை விட்டால் பின்னால் நிற்கும் ஹாபிழ் (குர்ஆனை மனனம் செய்தவர்) எடுத்துக் கொடுப்பார். இமாம் அந்த இடத்துக்குத் திரும்பிச் சரியாக ஓதிவிட்டுத்தான் மேலே போவார்.

'வாய்வழி மட்டும்' என்பதும் சரியில்லை. வஹீ (இறைச்செய்தி) இறங்க இறங்க எழுத்தர்கள் தோலிலும் பேரீச்ச மட்டையிலும் தட்டைக் கல்லிலும் எழுதினார்கள். நபி (ஸல்) அவர்கள் 632இல் மறைந்த பின் நடந்த யமாமா போரில் மனனம் செய்தோர் பலர் இறந்தார்கள். உமர் (ரலி) வற்புறுத்த, கலீபா அபூபக்ர் (ரலி) தொகுக்கும் வேலையை ஸைத் பின் ஸாபித்திடம் (ரலி) கொடுத்தார். ஸைத் நபியின் எழுத்தர். அவருக்கே குர்ஆன் மனப்பாடம். அப்படியிருந்தும் தன் நினைவை நம்பி உட்கார்ந்து எழுதிவிடவில்லை. எழுதப்பட்டதையும் தேடினார், மனனம் செய்தோரிடமும் கேட்டார். முழு விஷயமும் இந்த இரட்டைச் சோதனையில்தான் இருக்கிறது.

அந்த ஏடுகள் உமரிடமும் பிறகு அவர் மகள் ஹஃப்ஸாவிடமும் (ரலி) இருந்தன. உஸ்மான் (ரலி) காலத்தில் ஆர்மீனியா, அஸர்பைஜான் போர்முனையில் ஷாம் (சிரியா) படையும் ஈராக் படையும் ஓதலில் முரண்படுவதைக் கண்ட ஹுதைஃபா (ரலி) பதறிப்போய் மதீனாவுக்கு வந்தார். ஸைத்தும் குறைஷிக் குலத்தவர் மூவரும் ஹஃப்ஸாவின் ஏடுகளைப் பார்த்துப் படிகள் எடுத்தார்கள். அவை மாகாணங்களுக்குப் போயின. மற்றப் பிரதிகளை எரிக்கச் சொன்னார் உஸ்மான்.

அந்தப் படிகளில் எழுத்துக்குப் புள்ளி அநேகமாக இல்லை. ஒரு சின்னப் பல் போன்ற கோடு. சொல்லின் நடுவில் வந்தால் பே, தே, ஸே, நூன், யே ஐந்தில் எதுவாகவும் அதை வாசிக்கலாம். மெய்க்குப் புள்ளி வைக்காத பனையோலைச் சுவடியைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. ஆகவே தெரிந்தவர் ஓதக் கேட்காமல் ஏட்டை மட்டும் வைத்து ஓத வழியில்லை. ஓதுபவர் ஒரு சொல்லைக் கூட்டினாலோ ஏட்டில் அதற்கு இடமில்லை.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலுள்ள இரண்டு தோல் ஏடுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 18 முதல் 20 வரையான ஸூராக்களின் (அத்தியாயங்களின்) பகுதிகள் அவற்றில் உள்ளன. கரிமக் காலக்கணிப்பு 568–645 என்கிறது. ஆனால் அது தோலின் வயது, மையின் வயதல்ல. மேடைகளில் இதை மறந்துவிடுகிறார்கள். யெமனின் ஸன்ஆவில் 1972இல் கிடைத்த ஏடுகளில் ஒன்றில், அழித்து மேலெழுதிய அடிவரிகளில் சில சொற்கள் வேறாக இருப்பதும் உண்மை. உஸ்மான் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்பதை அதுவே காட்டுகிறது.

மகன் ஹிப்ழ் (குர்ஆன் மனன) மத்ரஸாவில், குர்ஆனின் 30 பாகங்களில் 12 ஜுஸ்உ (பாகம்) பாடம் செய்துவிட்டான். ஆனால் பழைய ஜுஸ்உகள் தடுமாறுகின்றன. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், சாய்ந்தமருது

பிள்ளையின் மூளையில் குறையில்லை, நேரக்கணக்கில்தான் குறை. ஒவ்வொரு நாளும் மூன்று வேலை நடக்க வேண்டும்: புதுப்பாடம் அரைப் பக்கத்திலிருந்து ஒரு பக்கம், கடைசியாகப் பாடமான ஒரு ஜுஸ்உ, பழையதிலிருந்து ஒரு ஜுஸ்உ. அப்படி ஓதினால் 12 ஜுஸ்உவும் 12 நாளுக்கு ஒருமுறை நாவில் வந்து போகும். பல இடங்களில் புதுப்பாடத்தை விரட்டிவிட்டுப் பழையதை வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்குகிறார்கள். தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. இப்போதைக்கு இரண்டு கிழமை புதுப்பாடத்தை நிறுத்திவைக்க உஸ்தாதிடம் (ஆசிரியரிடம்) கேளுங்கள்.

முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) மாற்ற வேண்டாம். 15 வரி மதீனா அச்சில் 604 பக்கம். ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தின் (வசனத்தின்) முடிவில் முடியும். எந்த ஆயத்து வலப்பக்க அடியில், எது இடப்பக்க மேலே என்று கண்ணும் சேர்ந்து மனனம் செய்கிறது. மத்ரஸாவில் அந்த அச்சு, வீட்டில் 13 வரி இந்திய அச்சு என்றால் கண் குழம்பும்.

மனனம் செய்ய முன் அந்தப் பக்கத்தை உஸ்தாதிடம் பார்த்து ஓதிக் காட்ட வேண்டும். பிழையாகப் பாடமான சொல்லைக் கழற்றுவது புதுப் பக்கம் ஒன்றைப் பாடம் செய்வதைவிடக் கஷ்டம்.

அடுத்தது ஒரே மாதிரி ஆயத்துகள். ஆறாவது ஸூராவின் 151இல் 'நர்ஸுகுகும் வஇய்யாஹும்' என்றும், பதினேழாவதின் 31இல் 'நர்ஸுகுஹும் வஇய்யாகும்' என்றும் வரும். இரண்டுமே வறுமைக்காகப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்பவை. முதலாவதில் வறுமை ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது: 'உங்களுக்கும் அவர்களுக்கும் உணவளிப்போம்'. இரண்டாவதில் பிள்ளைகளால் வறுமை வந்துவிடுமோ என்ற பயம்: 'அவர்களுக்கும் உங்களுக்கும்'. கருத்தைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை தாவாது. இப்படியான இடங்களை ஒரு கொப்பியில் சோடி சோடியாக எழுதச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்தில் உள்ள யாஸீன் ஸூரா கிதாபைப் (நூலை) பார்த்து ஓதலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

மனதிலுள்ளதை ஞாபகப்படுத்த வேண்டுமானால் பார்க்கலாம். அதைப் பார்த்துப் பழகக் கூடாது. இதயத்துக்கும் நாய்க்கும் அரபியில் முதல் எழுத்து மட்டுமே வேறு; தமிழில் எழுதினால் இரண்டும் 'கல்ப்'. அந்த எழுத்துகளின் பெயரும் தமிழில் 'காஃப்', 'காஃப்' என்றே வரும்! முன்னோர் அரபு எழுத்துக்குக் கூடுதல் புள்ளி வைத்து அரபுத்தமிழ் கண்டார்கள், தமிழை எழுத. குர்ஆனைத் தமிழ் எழுத்தில் ஓதும் வேலைக்கு அவர்கள் போகவில்லை.

மொரோக்கோ இமாம் ஒருவர் பாத்திஹாவில் (முதல் ஸூராவில்) 'மலிகி யவ்மித்தீன்' என்று ஓதினார். பிழையா?
– வாசகர், காத்தான்குடி

பிழையில்லை. நாம் ஓதுவது கூபா நகரத்து ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸ் அறிவித்த முறை. அதில் 'மாலிகி', உரிமையாளன். மொரோக்கோவில் மதீனாவின் நாஃபிஇடமிருந்து வர்ஷ் அறிவித்த முறை. அதில் 'மலிகி', அரசன். பழைய ஏட்டில் மீம், லாம், காஃப் மூன்றே எழுத்து. இரண்டு ஓதலும் அதற்குள் அடங்கும். உங்கள் முஸ்ஹஃபை எடுத்துப் பாருங்கள்: மீமுக்கு மேலே ஒரு குட்டி அலிஃப் நிற்கும். நீட்டத்தைக் காட்டப் பிற்காலத்தில் வைத்த குறி அது.

வாட்ஸ்அப்பில் வரும் ஹதீஸ்களை (நபிமொழிகளை) எப்படிச் சோதிப்பது?
– வாசகர், ஏறாவூர்

எந்தக் கிதாப், எத்தனையாவது இலக்கம், தரம் என்ன என்று அனுப்பியவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

ஹதீஸ் குர்ஆனைப் போல ஊரே ஓதி வந்ததல்ல, ஆளாளாக வந்தது. புகாரி தொகுத்த நூலின் முதல் ஹதீஸ், 'செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை'. உமரிடமிருந்து அல்கமா, அவரிடமிருந்து முஹம்மது பின் இப்ராஹீம், அவரிடமிருந்து யஹ்யா பின் ஸஈத், பிறகு ஸுஃப்யான், ஹுமைதீ, புகாரி. யஹ்யாவரை ஒற்றைக் கயிறு, அவருக்குப் பின் பலராகப் பிரிகிறது. ஆகவே ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார்கள்: ஒருவர் மற்றவரிடம் உண்மையில் கேட்டாரா, நேர்மையானவரா, கேட்டதைக் கலப்பின்றி வைத்திருந்தாரா, தன்னைவிடப் பலமானவர்களுக்கு முரண்படுகிறாரா, வெளியே தெரியாத குறை ஏதும் உண்டா.

எகிப்தின் நீதிபதியாயிருந்த இப்னு லஹீஆ நல்ல மனிதர். அவருடைய ஏடுகள் தீயில் எரிந்தன. அதற்குப் பின் அவர் அறிவித்தவற்றில் குழப்பம் வந்தது என்றார்கள் அறிஞர் பலர். அதனால் அவரிடம் யார் முன்பே கேட்டார், யார் பிறகு கேட்டார் என்று மாணவர்களைப் பிரித்து வைத்தார்கள். ஆளின் நல்ல பெயரை மட்டும் பார்த்து விட்டுவிடவில்லை.

கறையான் அரித்த பழைய முஸ்ஹஃபுகளை என்ன செய்வது?
– வாசகர், நிந்தவூர்

கட்டு மட்டும் பிரிந்திருந்தால் தைக்கலாம். பக்கம் குறைகிறதா என்று முதலில் எண்ணுங்கள். ஓத முடியாதவற்றை மரியாதையாக எரித்துச் சாம்பலைப் புதைக்க ஷாஃபிஈ சட்டமரபு நூல்களில் அனுமதி உண்டு. உஸ்மானின் செயலே ஆதாரம். ஹனஃபி சட்டமரபினர் சுத்தமான துணியில் சுற்றி, கால்படாத இடத்தில் புதைப்பதையே விரும்புவர். புதைப்பதானால் மேட்டுநிலம் பாருங்கள். மாரியில் நம் கரையோர மணலில் தண்ணீர் மேலே வந்துவிடும். பிள்ளைகளின் பழைய மத்ரஸாக் கொப்பிகளிலும் ஆயத்துகள் இருக்கும். குப்பை வண்டி வரமுன் அந்தத் தாள்களைக் கழற்றி இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.