தெரியாத இடத்தைச் சொல்லும்போது ஸ்பானிஷில் வினை ஏன் மாறுகிறது?

'தோந்தே' (எங்கே) என்ற சொல்லுக்குப் பிறகு சில சமயம் 'பெந்தென்', சில சமயம் 'பெந்தான்' வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் 'விற்கிறார்கள்' என்றுதான் பொருள். இரண்டாவது சப்ஜங்டிவ், அதாவது உறுதியாகத் தெரியாததையோ இல்லாததையோ சொல்லும்போது வரும் வினை வடிவம்.

மாட்ரிட்டில் நிற்கிறீர்கள். சுர்ரோஸ் (எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரம்) சாப்பிட ஆசை, கடை ஒன்றும் தெரியாது. "புஸ்கோ உன் சீத்தியோ தோந்தே பெந்தான் சுர்ரோஸ்" (சுர்ரோஸ் விற்கிற ஓர் இடத்தைத் தேடுகிறேன்) என்பீர்கள். ஏதாவது ஒரு கடை இருந்தால் போதும். அதையே 'பெந்தென்' என்று சொன்னால், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கடையைத் தேடுகிறீர்கள் என்று கேட்பவர் நினைப்பார். ஒரே ஓர் உயிரெழுத்து, எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

தமிழில் இரண்டு இடத்திலும் 'விற்கிற கடை'தான். அதனால்தான் நமக்கு இது வழுக்குகிறது. 'ஏதாவது ஒரு' என்று சேர்க்கத் தோன்றினால் சப்ஜங்டிவ் போடுங்கள், பெரும்பாலும் சரியாக வரும். அப்படி இடமே இல்லை என்றாலும் அதுதான்: "நோ அய் நிங்கூன் சீத்தியோ தோந்தே பெந்தான் சுர்ரோஸ்."

அப்புறம், '-ஆர்' என்று முடியும் வினைகளில் எழுத்து தலைகீழாக மாறும்: 'கோம்ப்ரான்' (வாங்குகிறார்கள்) என்பது 'கோம்ப்ரென்' ஆகும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'பாயாஸ் தோந்தே பாயாஸ்'. இரண்டு 'பாயாஸ்'உம் சப்ஜங்டிவ். 'நீ எங்கே போனாலும்' என்று நாம் சொல்வது அப்படியே இதுதான்.