யாகரின் முதல் குளிர்காலம் (வாசகர் கடிதம்)

வணக்கம்.

செக் நாட்டு ஐஸ் ஹொக்கி வீரர் யரோமிர் யாகர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஐஸ் ஹொக்கி எனக்கு மகனால்தான் அறிமுகம். அவனுக்கு 16 வயது. செப்டம்பரில் ஒரு ஜூனியர் அணிக்குத் தெரிவாகி, இங்கிருந்து மூன்று மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கிற ஊரில், அணி ஒழுங்கு செய்து கொடுத்த ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி விளையாடுகிறான். இரண்டு மாதமாக ஒவ்வொரு இரவும் தாய்க்குப் போன் எடுத்து அழுகிறான். வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலிஷில் மறுமொழி சொன்ன பிள்ளை இப்போது தமிழில் கதைக்கிறான் என்பது ஒன்றுதான் எனக்குச் சந்தோசம்.

யாகர் முதல் வருசத்தில் வீட்டை நினைத்து வாடினார் என்றும், அவருக்காக அணி இன்னொரு செக் வீரரை வாங்கியது என்றும் எழுதியிருந்தீர்கள். அதை மெச்சியது எனக்குச் சரியாகப் படவில்லை. சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரனுக்கு இப்படிச் செல்லம் கொடுக்கலாமா? நான் 19 வயதில் இந்த நாட்டுக்கு வந்தேன். எட்டுப் பேர் ஒரு அப்பார்ட்மெண்டில் படுத்து எழும்பி, விடியப் பேப்பர் போட்டு, இரவில் கோப்பை கழுவினேன். ஒருநாளும் அழவில்லை. மகனிடம் இனி ஞாயிறு மட்டும் போன் எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். பிழையா?

ஒரு தகப்பன், ஸ்கார்பரோ
(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

'ஞாயிறு மட்டும்' என்ற உத்தரவை இன்றைக்கே விலக்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

யிரி ஹர்தினா என்ற அந்தச் செக் வீரரை யாகரின் அணியான பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் வாங்கியதை என் கட்டுரையில் ஒரே வரியில் கடந்துவிட்டேன். அது செல்லம் என்று உங்களுக்குத் தோன்றியதற்கு அந்த அவசரமும் காரணம். 1990 டிசம்பர் 13 அன்று பிட்ஸ்பர்க் அணியின் பொது மேலாளர் கிரெய்க் பாட்ரிக், ஜிம் கைட் என்ற தடுப்பாட்டக்காரரைக் கால்கரி அணிக்குக் கொடுத்துவிட்டு ஹர்தினாவைப் பெற்றார். ஹர்தினாவுக்கு அப்போது 32 வயது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கால்கரியோடு, வட அமெரிக்க லீகின் சாம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்டான்லி கோப்பையை வென்றிருந்தார். ஒரு கோப்பை பார்த்த, பிராக் நகரின் ஸ்பார்ட்டா அணியில் தேர்ந்த ஆட்டக்காரர், 18 வயதுப் பையனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவனுக்குத் தெரிந்த மொழியில் பேசினார்.

இது ஆட்டத்துக்கு வெளியே நடந்த விஷயம் அல்ல. பனித்தளத்தில் ஒருவர் ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிடம் போல ஆடுவார், வெளியே வருவார், அடுத்தவர் இறங்குவார். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறும். பெஞ்சில் பயிற்சியாளர் சொல்கிற இரண்டு சொல், முதுகுக்குப் பின்னால் ஆள் வருகிறான் என்று சக வீரன் போடுகிற சத்தம், இவை காதில் விழுந்த கணமே காலுக்குப் போய்ச் சேர வேண்டும். மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றால் பக் (மட்டையால் அடிக்கிற ரப்பர் வட்டு) போய்விடும். கூடவே தளமும் சுருங்கிவிட்டது. யாகர் வளர்ந்த ஐரோப்பியத் தளம் ஏறத்தாழ 30 மீட்டர் அகலம், வட அமெரிக்கத் தளம் 26. பக்கவாட்டில் இருந்த அந்த நான்கு மீட்டர் இல்லாமல் போனால், ஒருவன் யோசிக்கிற நேரமும் அந்த அளவுக்குக் குறையும். மொழியும் தளமும் சேர்ந்து நெருக்குகிற இடத்தில், யாரை நம்பி அணியில் சேர விரும்பினாரோ பிட்ஸ்பர்க்கின் நட்சத்திர வீரர் மரியோ லெமியூவும் இல்லை. முதுகு அறுவைக்குப் பின் தொற்று வந்து, 1991 ஜனவரி வரை அவர் ஆடவில்லை.

யாகர் பூஞ்சை மனதுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பிராக் பக்கத்தில் கிளாட்னோ என்ற எஃகு ஆலை ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே நாள் ஒன்றுக்கு ஆயிரம் பஸ்கி எடுத்தவர். பிற்காலத்தில் இரண்டு பேர் முதுகில் தொங்கினாலும் பக்கை விடாமல் நகர்ந்த அந்தத் தொடைகள் அப்படி வந்தவை. 16 வயதில் நாட்டின் முதல்தர லீகில் பெரியவர்களோடு ஆடினார். அவர் சட்டையில் இருந்த 68ஆம் எண்ணின் கதையை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். பண்ணை நிலம் பறிக்கப்பட்டதை ஏற்காமல் சிறைக்குப் போன தாத்தா இறந்த ஆண்டு 1968. அந்த ஆகஸ்டில்தான் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் வந்தன. அந்த எண்ணை முதுகில் சுமக்கத் தெரிந்த பையனுக்குத்தான் பிட்ஸ்பர்க்கின் நவம்பர் மாதம் தாங்க முடியாததாக இருந்தது.

ஏன் என்று யோசித்தபோது எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். யாகருக்கு முன்னால் கம்யூனிஸ்ட் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர்களில் பலர் தப்பி வந்தவர்கள். பீட்டர், அன்டன் ஸ்டாஸ்ட்னி சகோதரர்கள் 1980இல் ஆஸ்திரியா வழியாகத் தப்பினார்கள். பெட்ர் நெட்வெட் 17 வயதில், 1989 ஜனவரியில், கால்கரிக்கு ஒரு சிறுவர் போட்டிக்கு வந்த இடத்தில் போலீஸ் நிலையத்துக்கு நடந்துபோய்த் தஞ்சம் கேட்டார். அவர்களுக்குத் திரும்பிப் போக வழியில்லை. போக முடியாது என்று தெரிந்த பிறகு மனம் வேறு விதமாகக் கெட்டிப்படுகிறது. 1989 நவம்பரில் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த ஜூனில், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கிற, வான்கூவரில் நடந்த வீரர் தேர்வுக்கு யாகர் நேரில், ஒளிவுமறைவு இல்லாமல் வந்தார். ஐந்தாவது ஆளாக அவரைப் பிட்ஸ்பர்க் எடுத்தது. வேண்டாம் என்று தோன்றினால் மறுநாளே விமானம் ஏறலாம். கதவு திறந்தே இருந்ததால் ஒவ்வொரு நாள் காலையிலும் 'இங்கே இருப்பதா, போவதா' என்று புதிதாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. இது தப்பி வந்தவர்கள் பட்ட பாட்டைவிடக் குறைந்தது என்று நான் சொல்லவில்லை, கூடியது என்றும் சொல்லவில்லை. வேறு பாடு.

நீங்கள் திரும்பிப் போக முடியாமல் வந்தவர். உங்கள் மகனுக்கு வீடு மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. உங்கள் அளவுகோலை அவன் மேல் வைத்தால் அளவு பொருந்தாது.

ஹர்தினா வந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பருவத்தை யாகர் 80 ஆட்டத்தில் 27 கோல், 30 கோல் உதவி என்று முடித்தார். கோப்பைக்கான போட்டியின் முதல் சுற்றில் நியூ ஜெர்சியோடு நடந்த இரண்டாம் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதை முடித்த கோல் அவருடையது. மே 25 அன்று மினசோட்டாவை 8-0 என்று வென்று பிட்ஸ்பர்க் முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியபோது அவருக்கு வயது 19. அதே தேர்வில் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்ட நெட்வெட், வான்கூவரில் அந்த ஆண்டு 61 ஆட்டத்தில் கோலும் உதவியுமாக மொத்தம் 16. இதை வைத்து ஒரு விதி எழுத மாட்டேன். அவரே இரண்டு ஆண்டு கழித்து ஒரே பருவத்தில் 38 கோல் அடித்தார். ஆனால் திறமை வெளியே வர எடுத்துக்கொள்ளும் காலம் ஒவ்வொருவருக்கும் வேறு என்பதையும், சுற்றியிருக்கும் ஆட்கள் அந்தக் காலத்தைக் குறைக்க முடியும் என்பதையும் நம்புகிறேன்.

1992 இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தை மகனோடு சேர்ந்து பாருங்கள். சிகாகோ 4-1 என்று முன்னால் நிற்கிறது. பிட்ஸ்பர்க் ஒவ்வொரு கோலாகத் திருப்பிக்கொண்டு வருகிறது. ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமிருக்கும்போது, 20 வயது யாகர் பக்கை எடுத்துக்கொண்டு ஒருவரைத் தாண்டி இன்னொருவரைத் தாண்டி உள்ளே போய், மட்டையின் பின்பக்கத்தால் தள்ளி 4-4 ஆக்குகிறார். 13 விநாடி மிச்சமிருக்கும்போது லெமியூ வெற்றி கோலை அடிக்கிறார். நான் இதை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் பெஞ்சில் ஹர்தினாவைத் தேடுகிறேன். அந்தக் கோப்பையோடு அவர் ஓய்வு பெற்றுப் போனார்.

உங்கள் கடிதத்துக்கே திரும்பி வருகிறேன். எட்டுப் பேர் ஒரு அப்பார்ட்மெண்டில் இருந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன். வேலை முடிந்து வந்தால் சோற்றுப் பானையைச் சுற்றி ஏழு பேர். ஊர்க் கடிதம் வந்தால் சத்தமாக வாசிக்க ஒருவர். முதலாளி ஏசினால் அவனை உங்கள் பாஷையில் திருப்பி ஏச இன்னொருவர். உங்களுக்கு ஏழு ஹர்தினாக்கள் இருந்திருக்கிறார்கள். மகன் இருக்கும் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை. அந்தக் குடும்பம் நல்ல குடும்பமாகவே இருக்கலாம். ஆனால் அழும்போது அவனுக்குத் தமிழ் வருகிறது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அணியில் வயதில் மூத்த பையன் யார், அவன் எந்த ஊரை விட்டு வந்தவன் என்று கேளுங்கள். பயிற்சியாளரிடமும் பேசுங்கள். எந்த ஜூனியர் அணியும் வீட்டு ஏக்கத்தை முதல் முறையாகப் பார்க்கப்போவதில்லை. சனிக்கிழமை அவன் அணியின் ஊரிலேயே ஆட்டம் இருந்தால் காரை எடுங்கள். தாய் சமைத்ததைக் கொண்டுபோங்கள், அந்த வீட்டுக்காரருக்கும் சேர்த்து.

இன்றிரவு போன் வரும்போது அதை நீங்கள் எடுங்கள். அந்த ஏழு பேரின் பெயரையும், யார் எங்கே படுத்தார்கள், யார் சமைத்தார்கள் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள்.

அன்புடன்.