அலுமாரிக்குள் போர்தோ வைன்

கேள்வி: பரிசில் இருக்கும் தம்பி போன மார்கழி லீவுக்கு வந்தபோது 2010ஆம் ஆண்டுப் போயாக் சிவப்பு வைன் இரண்டு போத்தல் தந்தார். வைக்க வைக்க விலை ஏறுமாம். அலுமாரியில் படுக்க வைத்திருக்கிறேன். மகளின் கலியாணத்துக்கு இன்னும் ஏழெட்டு வருடமாவது இருக்கிறது. அதுவரை வைக்கலாமா, விற்கலாமா? – வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி நல்ல சாமான்தான் தந்திருக்கிறார். போயாக், பிரான்சின் போர்தோ வட்டாரத்தில், மெடோக் பகுதியில் உள்ள ஊர். போர்தோ வைன்களின் 1855 தரப்படுத்தலில் முதல் வரிசை பெற்ற லாஃபித், லத்தூர், 1973இல் அந்த வரிசைக்கு உயர்ந்த மூத்தோன் ஆகிய மூன்று பண்ணைகளும் அங்கேதான். கபர்னே சொவின்யோன் திராட்சை கூடுதலாகவும் மெர்லோ குறைவாகவும் சேர்ப்பது அந்த ஊர் வழக்கம். 2010 அங்கே மிகச் சிறந்த ஆண்டு. நல்ல பண்ணையின் வைன் இருபது, முப்பது வருடம் தாங்கும். ஆனால் அது 12, 13 பாகை செல்சியஸ் குளிரும் இருட்டும் ஈரப்பதமும் உள்ள நிலவறையில் வைத்தால். உங்கள் அலுமாரியில் தாங்காது.

வைன் முதிர்வது மெல்ல நடக்கவேண்டிய வேலை. துவர்ப்புத் தரும் தனின் ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் மண்டியாகப் படியும், நிறம் செங்கல் நிறத்துக்கு மாறும், பழவாசத்தோடு புகையிலை வாசமும் வரும். சூட்டில் இதெல்லாம் தாறுமாறான வேகத்தில் நடந்து, கடைசியில் காய்ச்சிய ஜாம் வாசம்தான் மிஞ்சும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் வீட்டு அறை 32 பாகைக்குக் குறையாது. உங்கள் போத்தல்கள் அதை ஒருமுறை தாண்டிவிட்டன. தக்கை மேலே தள்ளியிருக்கிறதா, மூடித்தாளின் ஓரம் பிசுபிசுக்கிறதா, வைன் மட்டம் கழுத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் சந்தோசம், ஆனாலும் கலியாணம் வரை வைக்காதீர்கள்.

விற்பதை விட்டுவிடுங்கள். உரிமம் இல்லாமல் மது விற்பது இங்கே குற்றம். சேகரிப்பவர்களும் போத்தல் எங்கே, எந்தக் குளிரில் இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். கலியாணத்துக்கு இப்படி ஒன்று வேண்டும் என்றால் தம்பி பிரான்சிலேயே வாங்கி, அங்கேயே நிலவறையில் வைத்து, அந்த வருடம் கொண்டுவரட்டும்.

இவை இரண்டையும் தம்பி அடுத்த முறை வரும்போது திறந்துவிடுங்கள். அதுவரை பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வருடக்கணக்கில் என்றால் அந்த வறட்சியில் தக்கை சுருங்கும், சில மாதம் பரவாயில்லை. திறக்க ஒரு நாளுக்கு முன் நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் தங்கும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாகக் கண்ணாடிச் சாடியில் ஊற்றுங்கள். மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். சிவப்பு வைனை அறைச் சூட்டில் குடிக்கவேண்டும் என்பது குளிர்நாட்டுப் பேச்சு. நமக்கு 17 பாகை அளவு சரி, ஆகவே பிரிட்ஜிலிருந்து எடுத்து, குளிர் அந்த அளவுக்குத் தணிந்ததும் பரிமாறலாம். அன்றைக்கு உறைப்பு நண்டுக்கறி வேண்டாம். மிளகாய்க்கு முன்னால் தனின் கசக்கும். மிளகு மட்டும் போட்டுப் பிரட்டிய ஆட்டிறைச்சி நன்றாகச் சேரும்.