வாசகர் கேள்வி: ரோட்டரி எஞ்சின் காரை அன்றாடம் ஓட்டலாமா?

கேள்வி: பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று விலைக்கு வருகிறது. தினமும் வேலைக்குச் சென்றுவர அதை நம்பி வாங்கலாமா?

பதில்: எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் வாங்கலாம், ஆனால் சாதாரணக் காரைப் போல அதைக் கவனிக்காமல் விட முடியாது. 2003 முதல் 2012 வரை தயாரான இந்தக் காரில் பிஸ்டன்களுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு சுழல்கின்றன. அவற்றின் முனைகளிலுள்ள மெல்லிய சீல்கள் சீக்கிரம் தேய்ந்துவிடாமலிருக்க, எரியும் அறைக்குள்ளேயே சிறிதளவு ஆயில் செலுத்தப்படுகிறது. ஆகவே ஆயில் குறைந்துகொண்டே வருவது கோளாறன்று. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவையும் பார்த்துவிடுங்கள்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வண்டியைச் சற்று நகர்த்திவிட்டு உடனே அணைத்தால், எரியாத பெட்ரோல் உள்ளே தேங்கிவிடும். அடுத்த முறை ஸ்டார்ட்டர் வெறுமனே சுற்றுமே தவிர எஞ்சின் பிடிக்காது. சூடேறிய பிறகே அணைப்பது நல்லது. பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்கள் வலுவிழந்தால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் அங்கே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும் என்பதால், அவற்றை மாற்றுவதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வாங்குமுன் ரோட்டரி எஞ்சினுக்கென்றே உள்ள கருவியால் கம்ப்ரஷனை, அதாவது எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை, அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். அப்போது முரண்டு பிடித்தால், விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் அந்த வண்டி வேண்டாம். மைலேஜும் குறைவுதான். உங்கள் அன்றாடப் பயணம் சில நிமிடங்களில் முடிந்துவிடுமானால், வேறு காரைப் பார்ப்பதே உத்தமம்.